மட்டமான இடம் கேட்காதீர்கள்

மழை நின்று சாலையில் கிடந்த மண்ணை அள்ளி முடித்ததும் தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், சரிவில் போன வீடுகளுக்குப் பதிலா வேற இடம் பார்த்துட்டோம். நல்ல மட்டமான இடம். நீங்க வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்." நீலகிரியில் கட்டுமானப் பொறியாளராக இருப்பவர் எவருக்கும் இது மனப்பாடமான வசனம்.

இந்த முறை அழைப்பு கோத்தகிரிப் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். கிரிக்கெட் ஆடலாம், அப்படி ஒரு மட்டம். புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. ஓரத்தில் கோரை வளர்ந்திருந்தது. யாரோ வைத்திருந்த கடப்பாரையை வாங்கி ஒரு கையால் அழுத்தினேன், முழங்கால் அளவுக்கு உள்ளே போனது. இழுத்தபோது நுனியில் கறுப்புச் சேறு. பக்கத்தில் நின்ற நன்கொடையாளர் தரப்புப் பிரதிநிதி, "இங்க இருபது வீடு சார், எல்லாம் ஒரே டிசைன்" என்று வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

மழையில் மண் ஏன் சரிகிறது என்று விளக்கப் போவதில்லை. அது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரியாதது வேறு: மலையில் ஓர் இடம் மட்டமாக இருந்தால், அது ஏன் மட்டமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முதல் காரணம் தண்ணீர். நாலு பக்கச் சரிவிலிருந்தும் மழைநீர் வந்து தங்கும் பள்ளம் சதுப்பாகி மட்டமாகத் தெரியும். கோடையில் காய்ந்து கிடக்கும், நீங்களும் மே மாதத்தில்தான் இடம் பார்க்கப் போவீர்கள். அங்கே அஸ்திவாரம் போட்டால் முதல் மழையிலேயே தரையில் ஈரம் ஏறும், இரண்டாம் வருடம் சுவர் பிளக்கும்.

அடுத்தது பழைய சரிவு. எப்போதோ மேலேயிருந்து இறங்கிய மண்ணும் பாறையும் கீழே வந்து பரவி நின்ற மேடை. நம் தாத்தா காலத்துக்கு முன்பே நடந்திருக்கும், அதனால் யாருக்கும் நினைவிருக்காது. மேலே தேயிலை கூட வளர்ந்திருக்கும். ஒருமுறை இறங்கிய வழியில் மண் மறுபடி இறங்காது என்று நினைக்கிறீர்களா? அதற்கு அந்த வழிதான் பழக்கம்.

மூன்றாவது ஜேசிபி. மாவட்டத்தில் அனுமதியில்லாமல் மண் தள்ளும் இயந்திரத்தை இறக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், ராத்திரியில் இறங்குவதும் எல்லோருக்கும் தெரியும். சரிவின் உட்புறத்தை வெட்டி, அந்த மண்ணையே வெளிப்புறத்தில் கொட்டி, சக்கரத்தால் நாலு முறை மிதித்து 'சைட் ரெடி' என்பார்கள். வீட்டின் பாதி வெட்டிய கெட்டி நிலத்தில், பாதி கொட்டிய புழுதியில். படுக்கையறை நிற்கும், சமையலறை இறங்கும். விரிசல் வந்ததும் "மேஸ்திரி சரியில்லை" என்பார்கள். மேஸ்திரி பாவம், அவர் என்ன செய்வார்?

"அதான் தடுப்புச்சுவர் கட்டுறோமே சார்" என்பது அடுத்த வசனம். சுவர் மண்ணைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. பின்புறம் கல் நிரப்பி, முகப்பில் துளைகள் விட்டு, அந்தத் துளை வழியே வரும் நீரை ஓடை வரை கொண்டுபோக வேண்டும். நான் பார்க்கும் சுவர்களில் துளை இருக்கும். அதற்குள் சிமென்ட் பூசியிருக்கும், இல்லையென்றால் காலி பிளாஸ்டிக் பாட்டிலைச் செருகியிருப்பார்கள். கேட்டால், "செம்மண் தண்ணி வடிஞ்சு பெயின்ட் பாழாகுது". வடியட்டும் ஐயா, பாழாகட்டும்.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் இறங்கிய சரிவு மேட்டுப்பாளையம் சாலையில் நின்ற பேருந்துகளையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல். மாதங்களைக் கவனியுங்கள். குன்னூர், கோத்தகிரி, கேத்திக்கு வடகிழக்குப் பருவமழைதான் எமன். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்கு. இடம் பார்க்க எந்த மாதம் போக வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? மாவட்ட நிர்வாகம் அபாயகரம் என்று கணக்கெடுத்த 283 இடங்களில் நீங்கள் பார்த்த இடம் இருக்கிறதா என்றாவது தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். கேட்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

இப்போது எல்லோர் வாயிலும் வயநாடு. 2024 ஜூலை 30இல் நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் போன பிறகு, கல்பற்றாவில் எஸ்டேட் நிலத்தில் தலா 7 சென்ட், 1000 சதுர அடி வீடு என்று டவுன்ஷிப் வந்தது. "எங்களுக்கும் அந்த மாதிரி" என்கிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் படத்தில் வீட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். சாலை, கழிவுநீர், அங்கன்வாடி, சுகாதார நிலையம் எல்லாம் சேர்ந்த திட்டம் அது. இருபது வீட்டுக்கு நன்கொடை வாங்குகிறவர் வடிகாலுக்கு யாரிடமும் கேட்பதில்லை. வடிகாலில் பெயர்ப்பலகை வைக்க முடியாதல்லவா!

வீட்டை மட்டும் எண்ணியதற்கு என்ன விலை என்று பார்க்க நிக்கோபாருக்குப் போகலாம். 2004 சுனாமியில் கரையோர ஊர்கள் அழிந்தன. தீவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே சுமார் 4 மீட்டர் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்து நின்றது. பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது, அது சரி. ஆனால் கூட்டுக் குடும்பமாகப் பெரிய வீடுகளில் வாழ்ந்தவர்களை முதலில் தகரக் கொட்டகையில் வைத்தார்கள். அப்புறம் கப்பலில் வந்த பொருட்களைக் கொண்டு உள்ளே தள்ளி வரிசை வீடுகள், தனித்தனிக் குடும்பமாக. தென்னையும் தோணியும் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். இலங்கையில் கரையிலிருந்து 100 மீட்டர், சில மாவட்டங்களில் 200 மீட்டர் கட்டக்கூடாது என்று 2005இல் கோடு போட்டார்கள். படகை விட்டுவிட்டு மீனவர் எங்கே போவார்? கோட்டைப் பிறகு தளர்த்த வேண்டியதாயிற்று.

இங்கே தோணிக்குப் பதில் தேயிலை. எஸ்டேட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுத்தால், காலை ஏழு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டிய அம்மா எந்தப் பஸ்ஸில் வருவார்? பஸ் இல்லையென்றால் எஸ்டேட்டின் பழைய லயத்து வரிசை வீட்டிலேயே ராத்தங்குவார். புது வீட்டைப் பூட்டிவிட்டு ஆபத்தான இடத்துக்கே திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, என்ன செய்வது? முதலில் தண்ணீருக்கு வழி. ஊற்று எங்கே, ஓடை எங்கே, மழையில் எந்தப் பாதை ஆறாகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து குறியுங்கள். ஆடு மேய்ப்பவரையும் விறகு பொறுக்கும் பாட்டியையும் கேளுங்கள், எங்களைவிட அவர்களுக்குத் தெரியும். பிறகு பாதை. மிஞ்சும் இடத்தில்தான் வீடு. படுகர்களின் பழைய ஊர்களான ஹட்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் பள்ளத்தை விட்டு மேட்டுச் சரிவில் வரிசையாக நிற்கும். சின்னச் சின்னப் படிகளாக வெட்டுங்கள், ஒரே பெரிய மேடையாக வேண்டாம். குளியலறைத் தண்ணீரைச் சரிவில் விடாதீர்கள், குழாய் போட்டு ஓடையில் சேர்த்துவிடுங்கள். கழிப்பறை உறிஞ்சுகுழியைப் பக்கத்து வீட்டின் தலைக்கு மேல் தோண்டாதீர்கள். இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் பிறை வடிவத்தில் விரிசல் விழுந்தாலோ, நிமிர்ந்திருந்த சில்வர் ஓக் சாய்ந்தாலோ, தெளிவாக ஓடிய ஊற்று கலங்கினாலோ, கதவு திடீரென்று மூட மறுத்தாலோ, சாமான் எடுக்க நிற்காதீர்கள். வெளியே வந்த பிறகு 1077க்கு அழைத்துச் சொல்லுங்கள். விரிசலைச் சிமென்ட் வைத்துப் பூசி மறைக்காதீர்கள், தயவுசெய்து.

கோத்தகிரி இடத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. அதே ஊருக்கு மேலே, கொஞ்சம் சாய்வாக, பாறை தெரிகிற ஒரு நிலம் இருக்கிறது. படிகளாக வெட்டி இறக்கினால் பன்னிரண்டு வீடு வரும், இருபது வராது. மீதி எட்டு வீட்டுக்கு எங்கே போவது என்று இப்போது சண்டை. வீட்டு எண்ணிக்கையை அறிவித்துவிட்டுப் பிறகு நிலம் தேடினால் இப்படித்தான். அடுத்த ஊர்க்காரர்கள் ஐப்பசி மழையில் கூப்பிடுங்கள், குடை பிடித்துக்கொண்டு வருகிறேன். முன்பணம் கொடுத்த பிறகு கூப்பிடாதீர்கள்.