ஈரலுக்குப் பரவிய குடல் புற்றுநோயை வெட்டி எடுக்க முடியுமா?

செங்கோட்டை, புளியரைப் பக்கத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் பலர் ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே இருக்கிறது. ஆனால் குடலில் கட்டி உள்ளவரின் ஸ்கேனில் ஈரலிலும் கட்டி தெரிந்துவிட்டால், "நாலாவது ஸ்டேஜ், இனி எதற்கு அலைச்சல்?" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை அது அவசர முடிவு.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் பெரும்பாலும் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய ரத்தக்குழாய் வழியாக முதலில் ஈரலுக்கு வருகிறது. கட்டியிலிருந்து பிரியும் செல்களும் அதே வழியில் வந்து அங்கே தங்குகின்றன. சிலருக்கு நோய் ஈரலைத் தாண்டாமலே இருக்கும். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் ஆபரேஷன் பலன் தருகிறது.

ஈரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் குய்னோ, ஆண்டு 1957. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரத்தக்கிளை, தனிப் பித்தக்குழாய் உண்டு. அதனால் பக்கத்துப் பகுதி கெடாமல் ஒன்றை மட்டும் எடுக்கலாம். எத்தனை கட்டி என்று எண்ணுவதைவிட, கட்டிகளை எடுத்தபின் எவ்வளவு ஈரல் மிஞ்சும் என்று பார்ப்பதே இன்றைய கணக்கு. நல்ல ஈரல் என்றால் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலே தாங்கும். நீண்ட கீமோவுக்குப் பிறகு 30 சதவீதமாவது வேண்டும். மிஞ்சியது சில மாதங்களில் வளர்ந்துவிடும். பழைய வடிவம் திரும்பாது, அளவு ஏறக்குறைய திரும்பிவிடும்.

மிஞ்சும் பகுதி சிறியதாக இருந்தால்? கட்டிகள் வலப்பக்கம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்து போர்ட்டல் கிளையை ஊசி வழியாக அடைத்துவிடுவார்கள். ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் முழுவதும் அடுத்த வயலுக்குப் பாய்வதுபோல, ரத்தம் எல்லாம் இடப்பக்கம் போகும். நாலைந்து வாரத்தில் அந்தப் பக்கம் பருக்கும். அப்புறம் மறுபடி ஸ்கேனில் அளந்து பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள். வளரவில்லை என்றால் பெரிய ஆபரேஷனை அந்த ஈரல் தாங்காது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கீமோ கட்டியைச் சுருக்கும், ஈரலையும் தொடும். கீமோ மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின் ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும், இரினோடெகான் ஈரலில் கொழுப்பு சேர வைக்கும். ஸ்கேனில் கட்டி மறைந்துவிட்டால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பல சமயம் அந்த இடத்தில் உயிருள்ள செல்கள் மிச்சமிருக்கும், எங்கே வெட்டுவது என்று மருத்துவருக்கும் தெரியாமல் போகும். ஆகவே கீமோ தொடங்கும் முன்பே ஈரல் அறுவை மருத்துவர் ஒருவரிடம் ஸ்கேனைக் காட்டிவிடுங்கள். "வெட்டினால் எவ்வளவு மிஞ்சும்?" என்று நேராகவே கேளுங்கள்.

எல்லாருக்கும் இந்த ஆபரேஷன் பொருந்தாது. செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நாலு பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பும். அவர்களிலும் சிலருக்கு மறுபடி வெட்டலாம், சிறு கட்டியை மைக்ரோவேவ் ஊசியால் பொசுக்கலாம். ஆனால் சீக்கிரம் தெரிந்தால்தான் அதுவும் நடக்கும். ஆகவே மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. (குடல் புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சொல்லும் நாளில் ஸ்கேன் இரண்டையும் உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.