இடிந்ததா, இடித்தார்களா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கும் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு வீட்டைத் தாங்கியவை. அப்படி ஒரு வீடு இல்லாமல் போனதை நாளிதழ் எப்படியெல்லாம் எழுதலாம்?

'நூறாண்டு பழமையான வீடு இடிந்தது.'
'நூறாண்டு பழமையான வீடு இடிக்கப்பட்டது.'
'நூறாண்டு பழமையான வீட்டைப் பங்காளிகள் இடித்தனர்.'

நடந்தது ஒன்றுதான். முதல் வரியைப் படித்தால் மழையும் வயதும்தான் நினைவுக்கு வரும். 'அடப் பாவமே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இரண்டாவது, 'யார்?' என்று கேட்க வைக்கிறது, பதில் தருவதில்லை. மூன்றாவதைப் படித்ததுமே பங்காளிகள் மேல் ஆத்திரம் வரும். வீட்டுக்கு எத்தனை வாரிசு, யார் யார் வெளியூரில், மராமத்துக்கு யார் பணம் போடுவது என்ற பஞ்சாயத்தெல்லாம் அந்த வரியில் இல்லவே இல்லை.

தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த சமாச்சாரம்தான் இது. வாசிக்கும்போது நாம் சொற்களோடு நிற்பதில்லை; மனதுக்குள் சம்பவத்தையே கட்டுகிறோம். 'இடித்தனர்' என்றால் அந்தக் காட்சிக்குள் ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். 'இடிந்தது' என்றால் ஆளே தேவையில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உணவகத்தில் மெழுகுவத்தியால் தீப்பிடித்த கதையை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் சாப்பிட வந்த ஒரு பெண் தீயை மூட்டியதாக, மற்றொன்றில் தானாக நேர்ந்ததாக. முதல் வகையைப் படித்தவர்கள் அந்தப் பெண் மேல் அதிகப் பழி போட்டார்கள். நஷ்ட ஈடும் கூடுதலாகக் கேட்டார்கள். இன்னொரு சம்பவத்தில் வீடியோவைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட வாக்கியத்தின் பக்கமே சாய்ந்தார்கள். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

ஒரே ஒரு வினைச்சொல்லை மாற்றினாலும் இப்படி ஆகும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியலாளர்கள் கார்கள் மோதும் திரைக்காட்சியைக் காட்டி, கார்களின் வேகம் கேட்டார்கள். கேள்வியில் 'நொறுங்க மோதிய' என்று இருந்தபோது வந்த பதில் சராசரியாக மணிக்கு 40.8 மைல்; 'தொட்ட' என்று இருந்தபோது 31.8.

தலைப்புகளுக்கு வேறு சில வித்தைகளும் உண்டு. 'பறிபோகிறதா செட்டிநாட்டுப் பாரம்பரியம்?' என்று வினையை முன்னால் தூக்கிப் போட்டுக் கேட்டால், ஆசிரியர் எதையும் சொன்னதாக ஆகாது. நாம்தான் 'ஆமாம்ல' என்போம்.

ஆளைச் சொல்லாத எழுத்தெல்லாம் சூழ்ச்சி என்றும் சொல்லிவிட முடியாது. 'லாரி மோதி விவசாயி பலி' என்று எழுதும் நிருபருக்கு, விசாரணை முடியாமல் ஓட்டுநர் மேல் குற்றம் சுமத்த முடியாது. முதல் நாள் செய்திக்கு அது நியாயம். 'வரத்துக் கால்வாய் தூர்ந்து ஊரணி வறண்டது' என்று ஆண்டுதோறும் எழுதுவதற்கு அந்தச் சாக்கு செல்லாது. ஊரணிக்கு நீர் கொண்டுவரும் அந்தக் கால்வாய் தானாகத் தூர்ந்திருந்தால் சரி. அதன்மேல் மனை போட்டு விற்றிருந்தால், விற்றவர் பெயர் பத்திரத்திலேயே இருக்குமே.