சாக்கின் அடித்தூள்: பெல்லட் அடுப்பு மக்கர் செய்வது எதனால்?

காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகிற ரோட்டில் என் மாமா ஒரு மெஸ் நடத்துகிறார். கடைகளுக்கு வரும் 19 கிலோ சிலிண்டரின் விலை ஏறிக்கொண்டே போனதில் வெறுத்துப்போய், மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்புக்கு மாறினார். முதல் மூன்று மாதம் அந்த அடுப்பைப் பற்றிப் பெருமை பேசாத நாளே கிடையாது. அப்புறம் ஐப்பசி மழை வந்தது, கூடவே போனும் வந்தது. "ஏம்மாப்ளே, இந்த அடுப்பு ஒரே பொகையாக் கக்குது, இட்லிக் குண்டா அரை மணி நேரமாச்சு ஆவி வர. மோட்டார் போயிருச்சு, மாத்தணும்ங்கிறான் வந்து பாத்தவன். நீ ஒரெட்டு வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். காற்றை ஊதும் புளோயர் மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. பக்கத்தில் வாய் பிரித்து வைத்திருந்த சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டேன். மேலே விரல் விரலாக பெல்லட். நடுவில் உடைந்த துண்டுகள். அடியில் மாவு. அடுப்பில் கோளாறே இல்லை, கோளாறு சாக்கில் இருந்தது.

பெல்லட் என்பது மரத்தூள்தான். மரமில் தூள், கடலைத்தோல், இன்னும் கைக்குக் கிடைக்கிற பல காய்ந்த கழிவுகளை அரைத்து, ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குப் பக்கமாகக் கொண்டுவந்து, 6 அல்லது 8 மில்லிமீட்டர் அச்சுத் துளை வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். பசை எதுவும் தேவையில்லை. அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்கிற பொருள் இளகி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தளர்வான மரத்தூளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தி. அதாவது மூன்று சாக்குத் தூள் ஒரு சாக்குக்குள் அடங்குகிறது. ஆனால் அந்தப் பிடிமானம் சிமெண்ட் போன்றது அல்ல, கிட்டத்தட்ட நம்மூர் முறுக்கு மாதிரி: மொறுமொறுப்பாக இருக்கும் வரை இருக்கும், தட்டினால் உடையும், நமுத்தால் அவ்வளவுதான்.

இனி அடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மரம் நேரடியாக எரிவதில்லை. சூடு பட்டதும் முதலில் ஈரம் போகிறது, பிறகு 250, 300 டிகிரி வாக்கில் மரமே சிதைந்து வாயுவாக வெளியேற ஆரம்பிக்கிறது. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கும் அதற்கு மேலும் இப்படி வாயுவாகத்தான் போகும், மீதிதான் கரி. நாம் பார்க்கிற சுடர், அந்த வாயு எரிவது. நம்மூர் ஓட்டல் அடுப்பில் புளோயர் தள்ளும் காற்று இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு அடியிலிருந்து பெல்லட் குவியலுக்குள் நுழைந்து கரியை எரிக்கிறது, இன்னொரு பங்கு மேலே வட்டமாக உள்ள ஓட்டைகள் வழியாக வந்து வாயுவை எரிக்கிறது. வெளிநாட்டில் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கும் அடுப்புகளில் தொட்டியிலிருந்து ஒரு திருகு பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுசாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு எடையா என்று யோசிக்கிறவர்களுக்கு: 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஐந்து நிறையக் காற்று, ஒரே ஒரு கிலோ பெல்லட்டுக்கு.

இவ்வளவு காற்றும் எந்த வழியாகப் போகும்? பெல்லட்டுக்கும் பெல்லட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகத்தான். உருளை உருளையாகக் கொட்டிக் கிடக்கும்போது குவியலில் பாதிக்குப் பாதி, கொஞ்சம் முன்னே பின்னே, வெறும் இடம். பெல்லட் அடுப்பின் சூட்சுமமே இந்த வெறும் இடம்தான் என்பேன். தூள் அந்த இடத்தில்தான் போய் உட்கார்கிறது.

உட்கார்ந்ததும் நடப்பது ஒன்றல்ல. முதலில் காற்று திணறுகிறது. அடியிலுள்ள சல்லடைத் தகட்டின் ஓட்டைகள் பாதி அடைபட, கரி எரியாமல் குமைகிறது, மேலே வாயு மட்டும் ஏகத்துக்கும் வருகிறது, அதை எரிக்கக் காற்று போதாமல் கரும்புகையாகப் போய் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிறது. புகையாக வெளியே போவது எல்லாம் நாம் காசு கொடுத்து வாங்கிய சூடுதான். திருகு வைத்த அடுப்பில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: சந்துகளில் தூள் நிரம்பிவிட்டதால் திருகு ஒரு சுற்றுக்கு முன்பைவிட அதிக எடையுள்ள மரத்தைத் தள்ளும். தீனி கூடுகிறது, காற்று அதே அளவு. இரண்டு பக்கமும் அடி.

மாமா இந்த இடத்தில் குறுக்கே கேட்டார்: "அப்பிடின்னா மொத மூட்டையிலயே ஆயிருக்கணுமே, இத்தன நாள் ஏன் நல்லா எரிஞ்சுது?" நியாயமான கேள்வி. மிக்சர் டப்பாவைப் பாருங்கள். மேலே கடலையும் பூந்தியும், அடியில் ஓமப்பொடித் தூள். யாரும் அப்படி அடுக்கி வைக்கவில்லை. டப்பா குலுங்கும்போதெல்லாம் பெரிய துண்டுகளுக்கு நடுவில் சின்னச் சின்ன சந்து திறக்கிறது. அதில் சின்னது நழுவி விழும், பெரியது விழ முடியாது. லாரியில் ஏறி இறங்கும் சாக்கிலும், பெல்லட்டைக் கொட்டி வைக்கும், ஆடிக்கொண்டே இருக்கும் அடுப்புத் தொட்டியிலும் இதேதான். தொட்டியின் மூலை முடுக்கில் தூள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி, சரிவில் ஒட்டிக்கொண்டு, ஒரு நாள் மொத்தமாகச் சரிந்து தீக்குள் விழுகிறது. அதனால்தான் அடுப்பு ஒரு மாதம் ஒழுங்காக எரிந்துவிட்டுத் திடீரென்று மக்கர் செய்வதுபோலத் தெரிகிறது.

அடுத்தது கட்டி. அடுப்பின் அடியில் கண்ணாடி மாதிரி பளபளவென்று, சில சமயம் பச்சையும் கறுப்புமாகக் கெட்டிப்பட்டுக் கிடக்குமே, கிளிங்கர் என்பார்கள். மாமா கடையில் அதைக் கடப்பாரை முனையால் குத்தித்தான் எடுத்தோம், இட்லி அளவுக்கு ஒன்று வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள், நடுவில் எரியாத ஒரு பெல்லட் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. அது சாம்பல் உருகி ஆறியது. சுத்தமான மரத்தின் சாம்பல் பொதுவாக 1,200 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். மரத்திலும் தோலிலும் இருக்கும் பொட்டாசியத்தோடு மண்ணில் இருக்கும் சிலிக்கா சேர்ந்தால் அதற்கு வெகு முன்பே உருகிவிடும். கண்ணாடி செய்யும் முறையும் அடிப்படையில் இதுதான், மணலோடு காரத்தைச் சேர்ப்பது. தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளிய தூளிலும் களத்து மண் ஒட்டிய கடலைத்தோலிலும் மணல் இல்லாமல் இருக்குமா? போதாக்குறைக்கு, தூள் அடைத்துக்கொண்டதும் காற்று கிடைத்த ஒரே ஓட்டை வழியாகச் சீறுகிறது. அந்த ஒரு இடம் மட்டும் கொல்லன் உலை மாதிரி தகிக்கிறது. சாம்பல் உருகுவது அங்கேதான்.

மணல் இருக்கிறதா என்று பார்க்க லேபுக்கெல்லாம் போக வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு பெல்லட் போடுங்கள். நல்ல பெல்லட் தண்ணீரைவிடக் கனம், அதனால் மூழ்கும். மிதந்தால் சரியாக அழுத்தவில்லை என்று அர்த்தம். மூழ்கினாலும் மிதந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஊதிப்போய் உதிர்ந்து பழையபடி மரத்தூளாகிவிடும். நன்றாகக் கலக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். டம்ளரின் அடியில் நறநறவென்று விரலுக்குத் தட்டுப்படுவது மண்.

தூளைத் தூக்கி எறிய மனசு வராமல் மெஸ்ஸில் வேலை செய்யும் பையன் ஒரு காரியம் செய்தான். சலித்த தூளை ஒரு சொம்பில் அள்ளி எரிகிற அடுப்பில் வீசினான். புஸ் என்று கூரைத் தகரம் வரை ஒரு தீ. நல்லவேளை, புருவத்தோடு போயிற்று. அதே மரம், அதே எடை, ஆனால் இப்படிச் சீறுவானேன்? 8 மில்லிமீட்டர் தடிமன், 2 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெல்லட்டின் வெளிப்பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே 0.2 மில்லிமீட்டர் பொடியாக நொறுக்கினால் பரப்பு 300 சதுர சென்டிமீட்டருக்குப் போகிறது, ஏ4 தாளில் பாதி. காற்று படும் இடம் ஐம்பது மடங்கு. தீ மேற்பரப்பில்தான் பிடிக்கும் என்பதால் நிதானமாக எரிய வேண்டியது கண்ணிமைக்கும் நேரத்தில் எரிந்துவிடுகிறது. மாவு மில்லிலும் மரமில்லிலும் தூசி கிளம்பியிருக்கும்போது தீக்குச்சி உரசக் கூடாது என்பது இதனால்தான்.

அப்படியென்றால் தூள் என்றாலே வேகமாக எரியுமா என்றால், அதுவும் இல்லை! அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு மரத்தூள் அடுப்பு ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புரியும். ஒரு தகர டின், அடிப்பக்கம் ஒரு ஓட்டை. நடுவில் பாட்டிலை நிறுத்தி, அடி ஓட்டையில் ஒரு தடியைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டி இடித்து இடித்துக் கெட்டிப்பார்கள். பாட்டிலையும் தடியையும் மெல்ல உருவினால் புகைபோக்கி மாதிரி ஒரு குழி. அதில் தீ வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். காற்று படுவது அந்தக் குழியின் சுவர் மட்டும்தான், மற்ற தூளெல்லாம் தன் முறை வரும் வரை காத்திருக்கும். வீசினால் வெடி, கெட்டித்தால் பொறுமை. நடுவில் ரெண்டும் கெட்டானாகப் பெல்லட் சந்தில் போய் உட்கார்ந்தால் புகை.

தூள் எங்கிருந்து வருகிறது? ஆலையிலேயே கொஞ்சம் வரும், மிச்சமெல்லாம் நம் கைங்கரியம். லாரியிலிருந்து தொம்மென்று போடுகிற ஒவ்வொரு மூட்டையும் கொஞ்சம் மாவாகிறது. சிமெண்ட் தரையில் நேராக அடுக்கினால் அடிமூட்டை ஈரத்தை உறிஞ்சி உதிர்கிறது. மாமா கடையில் நடந்தது இதுதான், பொடக்காணித் தாழ்வாரத்தில், அதாவது கொல்லைப்புறத்தில், சாரல் அடிக்கிற பக்கம் அடுக்கியிருந்தார். ஐரோப்பாவில் இதற்காகவே தரச் சோதனை வைத்திருக்கிறார்கள்: 500 கிராம் பெல்லட்டை ஒரு பெட்டிக்குள் போட்டு 500 சுற்று உருட்டி, 3.15 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று நிறுப்பார்கள். அங்கே மொத்தமாக வாங்கும் உயர்தர பெல்லட்டில் தூள் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் வாங்கும்போது யாரும் சலித்துக் காட்டப்போவதில்லை. வாங்குகிறவர்கள் கேட்க ஆரம்பித்தால் காட்டுவார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணம். காங்கேயத்தில் அரிசி ஆலைக்குப் பஞ்சமா? அங்கே ஓட்டை விழுந்து ஒதுக்கிப் போட்டிருந்த சல்லடை ஒன்றைக் கேட்டு வாங்கி, நல்ல பகுதியை வெட்டி, மரச்சட்டத்தில் சாய்வாக அடித்தோம். மூட்டையை அதன் மேல் மெல்லச் சரித்தால் பெல்லட் உருண்டு தொட்டிக்குப் போகிறது, தூள் கீழே விழுகிறது. இதை ஆடி மாதத்தில் செய்தால் பாதி வேலை காற்றே பார்த்துக்கொள்ளும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வரும் அந்தக் காற்றில் சோளமே தூற்றுகிறோம், பெல்லட் எம்மாத்திரம். யோசித்துப் பார்த்தால் புளோயர் வைத்த அடுப்பும் ஒரு தூற்றும் மெஷின்தான், கனமானது நிற்கும், லேசானது பறக்கும். வெளியே தூற்றாமல் விட்டதை அது உள்ளே தூற்றி, பாதி எரிந்த பொடியாக மேலே அனுப்புகிறது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மிச்சி கேட்டது: "அரிசியப் பொடைக்காம ஆராச்சும் ஒலையில போடுவாங்களா?"

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சலியுங்கள், மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சலிக்கிற இடம் அடுப்பிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். தீக்காக மட்டும் சொல்லவில்லை: புளோயர் காற்றை இழுப்பது தரையை ஒட்டி, பக்கத்திலேயே சாக்கைப் பிரித்துக் கொட்டினால் அந்தத் தூசியைத்தான் இழுக்கும். மாமா அடுப்பின் விசிறி இறக்கைகளில் ஒரு மில்லிமீட்டருக்குத் தூசி அப்பிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மாவுப் பசை மாதிரி இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்ததும் சத்தமே மாறியது. மோட்டாரை மாற்றச் சொன்னவர் அதைத் திறந்து பார்க்கவேயில்லை என்பது என் அனுமானம். சாம்பலை மறுநாள் காலையில் அள்ளினாலும் உள்ளே கங்கு இருக்கும், பிளாஸ்டிக் வாளியில் கொட்டிவிடாதீர்கள்.

இப்போது மாதம் ஒருமுறை தொட்டியைக் காலியாக்கி மூலைகளைச் சீமாறால் கூட்டுகிறார்கள், மூட்டைகள் மரப்பலகை மேல் ஏறிவிட்டன. சலித்த தூள் வாரத்துக்கு ஒரு டின் சேர்கிறது. அதைப் பொடக்காணியில் அம்மிச்சி கெட்டித்து வைக்கச் சொல்லி, குளிக்கத் தண்ணீர் காய வைத்துக்கொள்கிறது. நடுவில் நிறுத்த அந்தக் காலத்துக் கலர் பாட்டில் கிடைக்கவில்லை, மூன்று இஞ்ச் பிவிசி பைப் துண்டுதான். தீ வைப்பதற்கு முன்னால் உருவ வேண்டும், ஒரு தடவை பையன் மறந்துவிட்டான்.