எபிசென்டர்: ‘மையப்பகுதி’ இல்லை, மேல்மையம்

எங்கயாவது நிலநடுக்கம் வந்தா உடன எங்கட செய்தியள்ல வாற வசனம் இதுதான்: “நிலநடுக்கத்தின் மையப்பகுதி 10 கிலோமீற்றர் ஆழத்தில் பதிவாகியுள்ளது.” அதோட எபிசென்டரைத்தான் மையப்பகுதி எண்டு மொழிபெயர்த்து வைச்சிருக்கினம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. எபிசென்டருக்கு ஆழமே கிடையாது, அது தரையில இருக்கிற புள்ளி.

சொல் கிரேக்கம். எபி எண்டால் மேல, ஹைப்போ எண்டால் கீழ, கென்ட்ரோன் மையம். பாறை முதல்ல உடைஞ்சு வழுக்கத் தொடங்குற இடம் ஹைப்போசென்டர், அதுக்கு நேர் மேல எபிசென்டர். கிணத்தில ஊத்துக்கண் வேற, மேல கட்டு வேற. ஆகவே மேல்மையம், கீழ்மையம், அவ்வளவுதான்.

‘மையப்பகுதி’யில எனக்கு வாற கோவம் என்னெண்டால், முதல்ல அது பகுதி இல்லை, புள்ளி. நிலநடுக்கத்தில கிளம்புற ரெண்டு வகை அலையில வேகமான P அலை முந்தி வரும், மெதுவான S அலை பிந்தி வரும், அந்த இடைவெளியில ஒரு செக்கனுக்குக் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் எண்டு தூரம் பிடிச்சு, அலையை அளக்கிற நிலையம் குறைஞ்சது மூண்டில இருந்து வட்டம் போட்டு, அவை வெட்டுற இடத்தைக் கண்டுபிடிக்கினம், இவ்வளவு பாடுபட்டுக் குறிக்கிற புள்ளியைப் போய் பகுதி எண்டு எழுதினா எப்பிடி? அடுத்தது, மையப்பகுதி எண்டு வாசிக்கிற சனம் அழிவும் அங்கதான் கூட எண்டு நினைக்கும். 2015 ஏப்ரல் 25 நேபாளத்தில 7.8 அளவில நிலநடுக்கம் வந்தேக்க மேல்மையம் கோர்க்கா மாவட்டம், உடைவு கிழக்கால ஓடி காத்மண்டுப் பக்கமெல்லாம் இடிஞ்சு விழுந்தது. 2004இல யாழ்ப்பாணத்துக் கரையில மணற்காட்டையும் மருதங்கேணியையும் சுனாமி அடிச்சதுக்குக் காரணமான உடைவு சுமாத்திராவில தொடங்கி வடக்க அந்தமான் மட்டும் 1,300 கிலோமீற்றர் அளவுக்குப் போனது. மேல்மையம் காட்டுறது தொடங்கின புள்ளியை மட்டும்தான்.

அந்த 10 கிலோமீற்றரும், ஆழம் சரியாப் பிடிபடாத நேரத்தில கணக்குக்காக வைக்கிற இலக்கமா இருக்கிறது கனதரம். அதைப் ‘பதிவாகியுள்ளது’ எண்டு அடிச்சுச் சொல்லுறதும் பிழை.

கீழ்மையத்துக்குக் ‘குவியம்’ எண்டு எழுதுறவையும் இருக்கினம். வில்லையில ஒளி வந்து குவியுது, அங்க அந்தச் சொல் வடிவாப் பொருந்தும். இங்க அலை குவியேல்லையே, விரிஞ்செல்லோ போகுது! ஆங்கிலத்தில ரெண்டுக்கும் ‘ஃபோக்கஸ்’ எண்டு கிடக்கிறபடியால் அப்பிடியே தூக்கிப் போட்டினம், பொருளைப் பாக்கேல்லை.

சந்தி பாக்கிறவை ‘மேன்மையம்’ எண்டு திருத்துவினம். இலக்கணம் சரி, ஆனா வாசிக்கேக்க ‘மேன்மை’ எல்லோ முன்னுக்கு வருது. ‘நென்மணி’ எண்டு சேர்க்காம நெல்மணி எண்டு பிரிச்சு எழுதுற நாங்கள் மேல்மையம் எண்டும் தாராளமா எழுதலாம்.