பழைய இதழின் பக்கம் தேடக்கூடியதாக மாறுவது எப்படி?

ஆதரவற்ற குழந்தைகளுக்காக எட்வர்ட் ருடால்ஃப் 1881-இல் லண்டனில் தொடங்கிய தொண்டு அமைப்பு, இன்று ‘சில்ட்ரன்ஸ் சொசைட்டி’ என்ற பெயரில் இயங்கிவருகிறது. ‘அவர் வெய்ஃப்ஸ் அண்ட் ஸ்ட்ரேஸ்’ என்ற அதன் பழைய இதழைப் போன்றவற்றை இணையத்தில் ஏற்றுவதென்றால், பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்துப் போடுவதுதான் வேலை என்று தோன்றலாம். உண்மையில் அது வேலையின் எளிய பகுதியே.

அதற்கும் காகிதம் இடம்கொடுக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட மலிவான தாள்களில், மை பரவாதிருப்பதற்காகப் படிகாரமும் பிசினும் சேர்க்கப்பட்டன. படிகாரத்தால் உண்டாகும் அமிலம் செல்லுலோஸ் இழைகளைச் சிறுகச் சிறுக அறுப்பதாலும், மரத்திலுள்ள லிக்னின் ஒளிபட்டுப் பழுப்பேறுவதாலும், இத்தாள்கள் மடித்தாலே முறியும் நிலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே ஒன்றாகத் தைத்துக் கட்டிய இதழ்த் தொகுதியை முழுவதும் விரித்து அழுத்தாமல், ‘வி’ வடிவத் தாங்கியில் பாதி திறந்த நிலையில் வைத்து, புற ஊதாக் கதிர் இல்லாத விளக்கொளியில் மேலிருந்து படமெடுப்பது வழக்கம்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 400 பிக்செல் வீதம் முழு வண்ணத்தில் பதிவுசெய்தால், சுருக்கப்படாத கோப்பு ஏறத்தாழ 46 மெகாபைட் வரும். டிஃப் என்ற பட வடிவிலான அந்த மூலக்கோப்பு காப்பகத்தில் தங்கிவிடும்; வாசகர் திரையில் காண்பது அதிலிருந்து எடுத்த சிறிய ஜேபெக் நகல்.

இந்நிலையில் கணினியைப் பொறுத்தவரை அப்பக்கம் வெறும் நிறப்புள்ளிகளின் தொகுப்பு. அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுத்துணரி மென்பொருள் முதலில் சாய்வைச் சரிசெய்து, மையையும் தாளையும் பிரித்தறிந்து, பக்கத்தில் அருகருகே செங்குத்தாக ஓடும் பத்திகளின் எல்லைகளை வகுக்கிறது. இதழ்களில் பெரும்பாலும் தடுமாற்றம் தொடங்குவது இங்கேதான் என்பேன். இரண்டு பத்திகளுக்கிடையே ஒரு படமோ விளம்பரமோ குறுக்கிட்டால், இடப்பத்தியின் வரி வலப்பத்தியின் வரியோடு ஒட்டிக்கொண்டு, பொருளற்ற வாக்கியம் பிறந்துவிடும். அதன்பின், ஏராளமான மாதிரிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நரம்பணு வலையமைப்பு என்னும் நிரல் வரிவரியாக எழுத்துகளை ஊகிக்கிறது. பின்பக்க மை ஊடுருவித் தெரிவதும், தேய்ந்த அச்செழுத்தும், அடுத்தடுத்து வரும் ஆங்கில ‘ஆர்’, ‘என்’ ஆகிய சிற்றெழுத்துகள் ஒட்டி ‘எம்’ போலத் தோன்றுவதும் அதை ஏமாற்றும்.

நூற்றுக்கு 98 எழுத்துகள் சரி என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழைகள் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், ஐந்தெழுத்துச் சொற்களில் பத்தில் ஒன்று பிழையாகிவிடும் என்பது எளிய கணக்கு. வாசிப்பவர் அதைச் சூழலால் திருத்திக்கொள்வார். தேடுபொறிக்கு அப்படித் திருத்திக்கொள்ளும் வழி குறைவு. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அகராதியில் இல்லாததால், தேடுவோர்க்கு மிகவும் வேண்டிய சொற்களே அதிகம் சிதைகின்றன.

உணரப்பட்ட ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற ஆயத்தொலைவோடு ஆல்ட்டோ என்ற கோப்பு வடிவில் பதிவாகிறது. தேடிய சொல் பழைய பக்கத்தின் படத்தின்மீதே ஒளிர்ந்து காட்டுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத இந்த எழுத்து அடுக்குதான் காரணம்.

சிக்கலும் அந்த அடுக்கிலேயே இருக்கிறது. அலமாரியில் இருந்த தொகுதியில் ஒரு குழந்தையின் பெயரைக் காண ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது நொடியில் கிடைத்துவிடும். பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிருடன் இருப்போருக்கே பொருந்தும் என்பதால், ஒருவர் இறந்தாரா என்று தெரியாதபோது அவர் 100 ஆண்டுகள் வாழக்கூடும் எனக் கொள்வது அங்குள்ள காப்பகங்களின் நடைமுறை. அண்மைக்கால இதழொன்றில் இத்தகைய பெயரை மறைக்க நேர்ந்தால், படத்தின்மேல் கறுப்புப் பட்டை இடுவது மட்டும் போதாது. ஆல்ட்டோ கோப்பிலிருந்தும் தேடல் அட்டவணையிலிருந்தும் அச்சொல்லை நீக்க வேண்டும். இல்லையேல் தேடுபொறி அந்தப் பட்டைக்கு அடியிலேயே சரியாகக் கொண்டுபோய் நிறுத்தும்.