செல் அவுட்: விற்றுத் தீர்ந்ததும் விலைபோனவனும்

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு வரியை அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். "1994இல் பழைய ரசிகர்கள் அவரை விற்றுத் தீர்ந்தவர் என்று ஏசினார்கள்." அவர் என்பது கிரீன் டே என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங். நண்பர் அகராதியைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஆங்கில மூலத்தில் இருந்த செல் அவுட் (sell out) என்றால் சரக்கு முழுவதும் விற்றுப்போதல் என்பதுதான் முதல் பொருள். ஆனால் டிக்கெட் விற்றுத் தீரும், தோசை விற்றுத் தீரும். மனிதர் எப்படி விற்றுத் தீர்வார்?

விலைபோனவர் என்று திருத்தி அனுப்பினேன். வேலை முடிந்தது. ஆனாலும் அந்தச் சொல் என்னை விடவில்லை. தமிழ் எழுத்தில் 'செல் அவுட்' என்று பார்த்தால் யாருடைய கைப்பேசியோ பழுதாகிவிட்டது போலத்தான் தோன்றுகிறது. பாப் பங்க் என்ற ராக் இசை வகையின் பாடகர் ஒருவருக்கோ அதைவிடக் கசப்பான பட்டம் வேறு இல்லை.

சொல் கடைத்தெருவில் பிறந்தது. இருப்பை முழுவதும் விற்றுவிடுதல், அவ்வளவுதான். அக்கால இங்கிலாந்தில் படை அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம்; போதும் என்று தோன்றினால் அதை விற்றுவிட்டு வெளியேறலாம். அப்படி வெளியேறுவதையும் செல் அவுட் என்றே சொன்னார்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. 1871இல் அந்த முறையே ஒழிக்கப்பட்டது. கொள்கையைக் காசுக்குக் கைவிடுதல் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க அரசியல் பேச்சில் ஏறியது. இசைக்கு வந்தபோது முதலில் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 1967இல் தி ஹூ என்ற ஆங்கிலேய ராக் குழு தன் ஆல்பத்துக்கு 'தி ஹூ செல் அவுட்' என்றே பெயர் வைத்து, பாட்டுகளுக்கு நடுவே விளையாட்டாக விளம்பரங்களைச் செருகியது. பெரிய நிறுவனங்களை நம்பாத பங்க் ராக் உலகத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஏன் என்று தெரிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரின் 924 கில்மன் தெருவுக்குப் போக வேண்டும். 1986ஆம் ஆண்டின் கடைசி இரவில் திறக்கப்பட்ட சிறிய அரங்கு அது. லாப நோக்கம் கிடையாது, நடத்துபவர்கள் தன்னார்வலர்கள், உள்ளே மது கிடையாது. இனவெறி கூடாது, அடிதடி கூடாது என்று விதிகள் எழுதி வைத்திருப்பார்கள். பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த குழுவுக்கு மேடை இல்லை என்பதும் ஒரு விதி. பங்க் ராக்கின் வேகமும் அதட்டலும், முணுமுணுக்க வைக்கும் மெட்டும் சேர்ந்ததுதான் பாப் பங்க். அந்தக் கலவை பழுத்த இடங்களில் கில்மன் முக்கியமானது.

அங்கே வளர்ந்த பையன் ஆம்ஸ்ட்ராங். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் ரோடியோ என்ற சிற்றூர்க்காரர். லாரி ஓட்டிக்கொண்டே ஜாஸ் டிரம்ஸ் வாசித்த அப்பா, மகனுக்கு 10 வயதில் இறந்துபோனார். பள்ளித் தோழர் மைக் டர்ன்டுடன் முதலில் 'ஸ்வீட் சில்ட்ரன்' என்ற பெயரில் வாசித்தார், பிறகு கிரீன் டே. லுக்அவுட் என்ற சிறு நிறுவனம் 1990இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 1993இல் வார்னர் என்ற பெரிய இசை நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ரிப்ரைஸோடு கையெழுத்தானது. தொழிலில் ஏற்றம், கில்மனில் வெளியேற்றம்.

எந்த இசைக்காரரின் வாழ்க்கையையும் மைல்கல் மைல்கல்லாக எண்ணலாம். இவருடைய கற்களில் மட்டும் இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிறது. 1994 பிப்ரவரியில் வந்த 'டூக்கி' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது, மறு ஆண்டு கிராமி விருதும் பெற்றது. தொலைக்காட்சிக்கு அது வெற்றி. கில்மன் வாசலில் நின்றவர்களுக்கு அது விலைபோனதற்குச் சாட்சியம். 1997இல் ஒற்றை கிட்டாரும் வயலின்களுமாக வந்த 'குட் ரிடன்ஸ்' என்ற பாட்டு பள்ளி விடைபெறு விழாக்களில் ஒலிக்கத் தொடங்கியது. பெயரின் பொருளோ 'தொலைந்தது சனியன்' என்பதற்கு அருகில் வரும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கண் கலங்கியவர்களுக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை. 2004இல் ஒரு கதையையே பாட்டுகளாகச் சொன்ன 'அமெரிக்கன் இடியட்' ஆல்பம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது, 2010இல் அதே கதை நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இசை நாடகமாயிற்று. 2015இல் ராக் அண்ட் ரோல் புகழ் மாளிகை. முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டு ஆனால்தான் அங்கே பெயரே பரிசீலனைக்கு வரும். இவர்கள் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே உள்ளே போனார்கள்.

இதற்கு நடுவே ஒரு சின்னப் பாட்டு இருக்கிறது. 1995இல் வந்த 'இன்சோம்னியாக்' ஆல்பத்தில் '86' என்று பெயர், வெறும் எண். கில்மன் கதவு அடைபட்ட வலிதான் பாட்டு. அமெரிக்க உணவகச் சமையல்கட்டில் '86' என்றால் அந்தப் பண்டம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதே எண்ணை ஆளுக்குச் சொன்னால், அவருக்குப் பரிமாறாதே, வெளியே அனுப்பு என்று பொருள். தீர்ந்த பண்டமும் துரத்தப்பட்ட ஆளும் ஒரே எண்ணில். செல் அவுட் செய்யும் அதே வேலையை இந்த எண்ணும் செய்கிறது. பாடகர் இதை யோசித்து வைத்தாரோ இல்லையோ, பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். இதழ்களில் 'வணிகமயமாதல்' என்று எழுதுகிறார்கள். அதில் ஆளே இல்லை, யாரைத் திட்டுவது? 'சமரசம்' வள்ளலார் கையில் உயர்ந்த சொல்லாக இருந்தது, இன்றும் அது வசையாகும் அளவுக்குத் தாழவில்லை. 'காட்டிக்கொடுத்தல்' என்றால் எதிரி ஒருவர் வேண்டும். 'சோரம்போதல்' காரம் குறையாதது, மேடைப் பேச்சில் இன்றும் வருகிறது. ஆனால் பெண்ணின் கற்பை வைத்துப் பிறந்த வசை என்பதால் எனக்கு அதைத் தொட மனமில்லை.

விலைபோதல்தான் பொருத்தம், அதற்குக் காரணம் பொருள் மட்டும் அல்ல. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். துண்டு விலகியதும் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: "என்ன விலைக்குப் போனது?" மாடு விலைபோனால் நல்லது, விலைபோகாத மாட்டை மறுபடி ஊருக்கு ஓட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மனிதருக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். விலைபோகாதவர் என்பது புகழ், விலைபோனவர் என்பது பழி. ஆங்கிலச் சொல்லின் இரட்டை முகம் இதிலும் அப்படியே இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் விற்பவன் அந்த ஆள்தான். தமிழில் அவன் விற்பவன்கூட இல்லை. துண்டுக்கு அடியில் வேறு யாரோ பேசி முடிக்க, கயிற்றில் நிற்கும் மாடு அவன். ஆகவே நம் சொல் ஒரு படி கொடுமையானது.

ஆம்ஸ்ட்ராங்குக்கு அது தகுமா? எனக்குத் தோன்றவில்லை. பெரிய நிறுவனத்துக்குப் போன பிறகும் மெட்டும் வேகமும் அவருடையவையாகவே இருந்தன. காசு விஷயத்தில் சிறு நிறுவனம் என்றால் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. லுக்அவுட் ராயல்டி பாக்கி வைத்ததால், 2005இல் கிரீன் டே தன் பழைய ஒலிப்பதிவுகளை அதனிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. 2015 மே மாதம் கில்மன் கதவும் ஓர் இரவு திறந்தது. தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்ட, புகழ் மாளிகைக்குள் போன அடுத்த மாதமே அந்தச் சிறிய மேடையில் ஏறி வாசித்தார்கள்.

இதையெல்லாம் நண்பருக்கு நீளமாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: அடுத்த பத்தியில் குழுவின் சுற்றுப்பயணமும் செல் அவுட் என்று இருக்கிறது, அதையும் விலைபோனது என்றே மாற்றிவிட்டேன், சரிதானே?