"மேப்பைத்தான் அப்டேட் பண்ணிட்டேனே!"

போன சனிக்கிழமை கடையைத் திறந்ததும் திறக்காததுமாக ஒரு மின்சார எஸ்யூவி வந்து நின்றது. முன்பக்க பம்பர் இடது மூலையில் நசுங்கியிருந்தது. மெட்ரோ வேலைக்கு வைக்கும் தகரத் தடுப்பின் பெயிண்ட் அதில் கோடு கோடாக ஒட்டியிருந்தது. வண்டிக்காரர் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தம்பி, மேப்பை நேத்து ராத்திரிதான் அப்டேட் பண்ணேன். அப்புறமும் தடுப்பு இருக்கிறது வண்டிக்குத் தெரியலயே?"

மாதவரத்தில் மின்சாரக் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல், சென்சார் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நல்லவேளை, பம்பரோடு போயிற்று, யாருக்கும் காயமில்லை. அதனால்தான் கொஞ்சம் கோபமாகவே எழுத முடிகிறது.

நடந்தது இவ்வளவுதான். மூலக்கடைப் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பழைய வெள்ளைக் கோட்டை யாரும் அழிக்கவில்லை. விடியற்காலை, போக்குவரத்து இல்லை, சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் லேன் அசிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்குக் கோடு தெரிகிறது. கோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. கோடோ நேராகப் போய்த் தடுப்புக்கு அடியில் நுழைகிறது. "ஸ்டியரிங்ல கை இருந்ததா?" என்று கேட்டேன். "வெச்சிருந்தேன்" என்றார். வைத்திருப்பது வேறு, பிடித்திருப்பது வேறு.

சரி, மேப் விஷயத்துக்கு வருவோம். காரின் திரையில் தெரியும் மேப் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் போனில் இருக்கும் மேப். கார் வெறும் கண்ணாடி மாதிரி அதைக் காட்டுகிறது. போனில் அதை அப்டேட் செய்தால் போன் அப்டேட் ஆகும், கார் அல்ல. இரண்டாவது, காரிலேயே இருக்கும் நேவிகேஷன் மேப். அது சிலவற்றில் சிம் வழியாகத் தானே வரும், சிலவற்றில் பென்டிரைவில் இறக்கிப் போட வேண்டும். வழி சொல்லவும், வேக வரம்பைக் காட்டவும், சில மாடல்களில் வளைவுக்கு முன் குரூஸ் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வைத்த வேகத்தில் ஓடும் வசதி) வேகத்தைக் குறைக்கவும் அது உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. முன்னால் நிற்கும் லாரியையோ, தடுப்பையோ, மாட்டையோ அது பார்க்காது. அதற்குக் கண் கிடையாது!

கண் என்றால் முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும், பம்பரில் அல்லது கிரில்லில் இருக்கும் ரேடாரும்தான். அவை பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் சாஃப்ட்வேர் தனி கண்ட்ரோல் யூனிட்டில், அதாவது காருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கணினியில், இருக்கிறது. மேப்பை நூறு முறை புதுப்பித்தாலும் அந்த யூனிட்டில் ஒரு எழுத்துகூட மாறாது. நான் கைவைக்கும் கார்களில் லேன் அசிஸ்ட் கேமராவை நம்பித்தான் ஓடுகிறது.

"வெளிநாட்டுல மேப்பை வெச்சே கையை விட்டு ஓட்டுறாங்களே" என்பார்கள். உண்மைதான். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ், லிடார் என்ற லேசர் கருவி கொண்டு முன்கூட்டியே அளந்த நெடுஞ்சாலைகளில்தான் வேலை செய்கிறது. அங்கேயும் ஓட்டுநர் ரோட்டைப் பார்க்கிறாரா என்று ஒரு கேமரா அவரையே கண்காணிக்கிறது. நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் வந்த புவியியல் தரவு வழிகாட்டுதல்படி, ஒரு மீட்டரைவிடத் துல்லியமான மேப்பை இந்திய நிறுவனங்கள்தான் உருவாக்கி வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட மேப் உங்கள் காரில் இருந்தாலும்கூட, நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு இழுத்து வைத்த தகரத் தடுப்பு அதில் எப்படி இருக்கும்?

இன்னொன்று, "ஓட்ட ஓட்ட வண்டி கத்துக்கும்" என்ற நம்பிக்கை. உங்கள் கார் தண்டையார்பேட்டையில் தினமும் நாலு மீன்பாடி வண்டியைப் பார்ப்பதால் மீன்பாடி வண்டி என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொடுப்பது நிறுவனத்தின் கணினிகளில் நடக்கும். முடிந்ததும் அது புதிய பதிப்பாக உங்களுக்கு வரும். அதுதான் நீங்கள் காத்திருக்க வேண்டிய அப்டேட்.

அது வரும் விதம் எளிது. காரில் உள்ள சிம் வழியாகத் துண்டு துண்டாக இறங்கும், நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் சரியா என்று சோதிக்கும், உங்கள் அனுமதி கேட்கும், வண்டி 'பி'-யில் (பார்க்கிங் கியரில்) நிற்கும்போது மட்டும் ஏறும். ஒரே நாளில் எல்லோருக்கும் வராது, தவணை தவணையாக விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிட்டதே என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

அப்டேட் என்றாலே புது வசதி என்றும் நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் அதிகமான கார்களை 'ரீகால்' செய்தது, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. ஒரு வண்டியும் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆட்டோபைலட் என்ற அதன் ஓட்டுநர் உதவி வசதி ஓட்டும்போது ஓட்டுநர் கவனத்தை உறுதிசெய்யும் எச்சரிக்கைகளைக் கூட்டி சாஃப்ட்வேராகவே அனுப்பினார்கள். ஆகவே 'பிறகு' என்ற பட்டனை மாதக்கணக்கில் அமுக்கிக்கொண்டே இருப்பவர்கள், எதைத் தள்ளிப்போடுகிறோம் என்று ஒரு தடவையாவது படித்துப் பாருங்கள்.

அப்டேட்டைப் போடும் நேரம் முக்கியம். ஒருவர் காலை எட்டரை மணிக்கு, பிள்ளையை இறக்கிவிட வந்த பள்ளிக்கூட வாசலிலேயே 'சரி' அமுக்கிவிட்டார். முக்கால் மணி நேரம் வண்டி நகரவில்லை, பின்னால் நாலு வேன் ஹாரன். ராத்திரி, வீட்டில், மேலே சிக்னல் கிடைக்கும் இடத்தில் போடுங்கள். பெரம்பூர் அடுக்குமாடிகளின் அடித்தளப் பார்க்கிங்கில் டவரே கிடைக்காது, டவுன்லோடு பாதியில் நிற்கும். பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருந்தால் அப்டேட் தோற்றுப்போகும்; கண்ட்ரோல் யூனிட்டுகள் அதில்தான் ஓடுகின்றன. நடுவில் அந்த பேட்டரியின் டெர்மினலைக் கழற்றி 'ரீசெட்' செய்கிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். சார்ஜரை மாட்டலாமா கழற்றலாமா என்பது மாடலுக்கு மாடல் வேறு, திரையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முடிந்ததும் லேன் அசிஸ்ட், மோதல் எச்சரிக்கை அளவெல்லாம் நீங்கள் வைத்திருந்தபடியே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

பழைய வண்டி வாங்கியவர்களே, கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்டேட் அறிவிப்பு பழைய ஓனர் போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். இலவச இணைய சேவைக் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

ஸ்டியரிங்கில் தண்ணீர் பாட்டிலைச் செருகி 'கை இருக்கிறது' என்று காரை ஏமாற்றுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

மீன்காரர் வண்டிக்குத் திரும்புகிறேன். ஸ்கேன் போட்டேன், சாஃப்ட்வேர் சரியாகத்தான் இருந்தது. "முன்கண்ணாடி எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டேன். ஆள் முழித்தார். இரண்டு மாதம் முன்பு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி தெறித்த கல்லில் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. சாலையோரக் கடையில் மாற்றியிருக்கிறார். கேமராவைக் கழற்றி, பசை தடவி, திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். கேமரா சரியான திசையில் பார்க்கிறதா என்று அளந்து சரிசெய்யும் காலிப்ரேஷன் செய்யவில்லை. அந்தக் கடைக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

கேமராவோ ரேடாரோ ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தால் நூறு மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். நம் சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எந்த அப்டேட்டும் இதைச் சரிசெய்யாது. குறிப்பலகையை முன்னால் நிறுத்தி, தரை சமமாக இருக்கும் இடத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து அளக்க வேண்டும். சில மாடல்களை ஓட்டியே அளப்போம். அதற்குக் கோடு தெளிவாக இருக்கும் சாலை வேண்டும், அதைத் தேடித்தான் நான் வெளிவட்டச் சாலைக்குப் போகிறேன்.

கண்ணாடி மாற்றினாலோ, பம்பர் கழற்றினாலோ, சஸ்பென்ஷன் வேலை பார்த்தாலோ காலிப்ரேஷன் தேவையா என்று கேளுங்கள். இன்சூரன்ஸில் கிளைம் போடும்போதே அந்த வரியையும் எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக்கைக் கேமராவுக்கு முன்னால் ஒட்டாதீர்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ரேடார் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் தினமும் போகிறவர்கள் வாரம் இரண்டு முறையாவது கேமரா பக்கத்துக் கண்ணாடியையும் கிரில்லையும் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தப் புழுதி லேசில் போகாது.

இரண்டு நாள் கழித்து வண்டியை எடுத்துப் போனவர் நேற்று மதியம் போன் செய்தார்.

"தம்பி, வண்டில இன்னொரு அப்டேட் வந்திருக்கு. இது மேப் இல்ல, என்னமோ டிரைவர் அசிஸ்ட்னு போட்டிருக்கு. போட்டுடவா?"

"எங்கண்ணே நிக்கிறீங்க?"

"ஏலக்கூடம் வாசல்லதான்."

"ராத்திரி வீட்டுக்குப் போய்ப் போடுங்கண்ணே."